ரெண்டு பேப்பர் பெயிலாகி சப்ளி (அரியர்) ஆயிருச்சு, ராத்திரியெல்லாம் படிச்சும் ஒண்ணும் நிக்கல

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம்ங்க, சித்தூர் தாலூகா (ஆந்திரா சித்தூர் இல்ல, நம்ம பாலக்காட்டு சித்தூர்), இப்ப பாலக்காட்டுல ஒரு காலேஜ்ல கெமிஸ்ட்ரி. புக்கு இங்கிலீஷ், மிஸ் விளக்குறது மலையாளம், என் மண்டைக்குள்ள ஓடுறது தமிழ். கடையில மலையாளம் வெளுத்து வாங்குவேன், கிளாஸ்ல வாயே வராது. ராத்திரி 2 மணி வரைக்கும் நோட்டைத் திருப்பித் திருப்பிப் படிக்கறேன், எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான் இருக்கு, பரீட்சை ஹால்ல உக்காந்தா கை நடுங்குது, ஒண்ணும் வரல. அப்பா கள்ளு எறக்கறவரு, அவருகிட்ட இன்னும் சொல்லல. நீங்கல்லாம் எப்படி சமாளிச்சீங்க?

வேலந்தாவளம் அக்கா:
தம்பி, நானும் அதே மீடியம்தான். அந்த 'தெரிஞ்ச மாதிரி'தான் உன்னைக் கவுக்குது. 2006ல ரோடிகர், கார்பிக்கின்னு ரெண்டு பேரு அமெரிக்காவுல காலேஜ் பசங்கள வெச்சுப் பாத்தாங்க. ஒரு பாடத்தைத் திரும்பப் படிச்சவங்களுக்கு ஒரு வாரம் கழிச்சு 42 சதவீதம்தான் நினைவிருந்துச்சு, ஒருதடவ படிச்சுட்டு பாக்காம எழுதிப் பாத்தவங்களுக்கு 56. ஆனா அஞ்சே நிமிஷத்துல கேட்டப்ப திரும்பப் படிச்சவங்கதான் முன்னாடி! உன் ராத்திரி 2 மணிக் கதை அதுதான். நோட்டை மூடிட்டு வெத்துத் தாள்ல எழுது, தமிழ்ல வந்தா தமிழ்லயே எழுது, அப்புறம் தொறந்து பாத்து விட்டதைச் சிவப்புல சேரு, இங்கிலீஷ் வார்த்தைய கடைசியா மாட்டிக்கலாம். நான் அப்படித்தான் கரையேறுனேன்.

மீனாட்சிபுரம் மச்சான்:
அக்கா சொல்றது சரி, ஆனா மொதல்ல தூங்குடா, 2 மணிக்கு எழுதுனாலும் நிக்காது. எனக்கு நாலு சப்ளி இருந்துச்சு, இப்ப வேலைக்குப் போயிட்டுதான் இருக்கேன் 😄 அப்புறம் மிஸ்கிட்ட தமிழ் மீடியம்னு சொல்லிரு, நான் வெக்கப்பட்டுட்டு ரெண்டு வருசம் சொல்லல, சொன்ன அன்னைக்கே பழைய கொஸ்டின் பேப்பரெல்லாம் எடுத்துக் குடுத்தாங்க.

கோபாலபுரம் தங்கச்சி:
கை நடுங்குறது, தூக்கம் வராம கெடக்கறது எல்லாம் தொடர்ந்தா 14416க்கு கூப்பிடுங்கண்ணா, டெலி மானஸ்னு கவர்மென்ட்டோட மனநல ஹெல்ப்லைன், 2022 அக்டோபர்ல இருந்து இருக்கு, காசு கெடையாது, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். பயப்படற விஷயமில்ல, என் ரூம்மேட் பேசியிருக்கா.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அக்கா நேத்து ஒரு சாப்டர் எழுதிப் பாத்தேன், அரைப்பக்கம் கூட தேறல, மீதியெல்லாம் சிவப்பு. ஈக்விலிப்ரியம்ங்கிற இடத்துல சமநிலைன்னுதான் கை எழுதுது. அப்பாகிட்ட இன்னைக்கு சொல்லிரலாம்னு இருக்கேன், சாயங்காலம் மரம் ஏறிட்டு வரட்டும்.