மகள் லிபரல் ஆர்ட்ஸ் படிக்கணும்கிறாள், என்னதான் பிரயோஜனம்?

கொழிஞ்சாம்பாறை அப்பா:
வணக்கமுங்க. பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலூகாக்காரர்கள் நாங்கள், வீட்டில் தமிழ்தான். மகள் பிளஸ் டூ சயின்ஸ் குரூப் முடித்துவிட்டாள், மார்க்கும் நன்றாகத்தான் இருக்கிறது. கோயம்புத்தூர் பக்கம் ஏதாவது எஞ்சினீயரிங் காலேஜில் சேர்த்துவிடலாம் என்று இருந்தேன். அவளோ பொருளாதாரம் மெயினாக எடுத்து, கூடவே சுற்றுச்சூழல், வரலாறு, ஸ்டாட்டிஸ்டிக்ஸ், முடிந்தால் தத்துவமும் கலந்து படிக்கணும்கிறாள், அதுதான் லிபரல் ஆர்ட்ஸாம். ஆந்திராவில் ஸ்ரீ சிட்டியில் இருக்கும் கிரியா, ஹரியானாவில் இருக்கும் அசோகா என்று இரண்டு யுனிவர்சிட்டி சொன்னாள், ஃபீஸைப் பார்த்ததும் தலை சுற்றிவிட்டது. என் மச்சான் "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால், இதுக்குப் பேர் படிப்பா" என்கிறார். அவளைத் தடுக்கணும் என்று இல்லை. இப்படிக் கலந்து படித்தால் என்ன கிடைக்கும் என்று யாராவது புரியும்படி சொன்னால் போதும். பணக்காரர்களுக்கு மட்டும்தான் இந்தப் படிப்பா என்பதையும் சொல்லுங்க.

பொள்ளாச்சி மெக்கானிக்கல்:
சார், நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்தக் காலேஜ்களின் புத்தகத்தைத் திறந்தால் எல்லாவற்றிலும் "விமர்சனச் சிந்தனை வளரும்" என்றுதான் போட்டிருக்கும். இயற்பியலை ஒழுங்காக நடத்தினாலும் அது வளரும், நல்ல வாத்தியார் கிடைத்தால் தமிழ் இலக்கணத்திலும் வளரும், அதற்காக லட்சக்கணக்கில் கட்டத் தேவையில்லை. அதே சமயம் கலந்து படிப்பது வீண் என்றும் சொல்ல மாட்டேன். ஐஐடியில் பி.டெக் படிக்கிறவர்களும் ஹியூமானிட்டீஸ் பேப்பர் எடுத்தே ஆகணும், சும்மாவா வைத்திருக்கிறார்கள்? நீங்கள் சொன்ன இரண்டு இடத்திலும் குடும்ப வருமானம் பார்த்து உதவித்தொகை தருகிறார்கள், முதலில் அதைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் லோன் போட்டுப் போக வேண்டாம் என்பது என் கருத்து. முதல் சம்பளத்திலிருந்தே இஎம்ஐ ஓடினால் பிள்ளைக்குப் பிடித்த வேலையைத் தேடக்கூட நேரம் இருக்காது.

பெருமாட்டி வாசி:
கொழிஞ்சாம்பாறை அண்ணா, உங்கள் மகள் கேட்கிற கலவைக்கு உதாரணம் நம் தாலூகாவிலேயே இருக்கிறது, பிளாச்சிமடை. 2000-இல் கோகோ கோலா ஆலை வந்தது, கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போச்சு என்று ஆதிவாசிப் பெண்கள்தான் முதலில் சொன்னார்கள், மயிலம்மா உட்பட. 2002-இல் போராட்டம், 2003-இல் பஞ்சாயத்து லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தது, 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. இதற்குள் எத்தனை பாடம் இருக்கிறது என்று பாருங்கள். நிலத்தடியில் எவ்வளவு ஊறுகிறது, எவ்வளவு உறிஞ்சலாம் என்பது புவியியல். உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுத்த கழிவில் காட்மியமும் காரீயமும் இருந்தது வேதியியல். நிலத்தடி நீர் யாருக்குச் சொந்தம் என்பது சட்டம். அதிலும் 2003 டிசம்பரில் கேரள ஹைகோர்ட் தனி நீதிபதி அது பொதுச் சொத்து என்றார், 2005-இல் அதே கோர்ட்டின் இரு நீதிபதி அமர்வு நிபுணர் அறிக்கையை வைத்து தினம் 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. அந்த அறிக்கையைப் படிக்கத் தெரியாத வக்கீலும், தீர்ப்பைப் படிக்கத் தெரியாத விஞ்ஞானியும் அங்கே பாதி ஆள்தான்.

உங்கள் மகளின் பொருளாதாரம் எங்கே வருகிறது என்றால், அரசு அமைத்த குழு 2010-இல் நஷ்டத்தை 216 கோடியே 26 லட்சம் ரூபாய் என்று கணக்குப் போட்டது. பயிர், உடம்புக்கு வந்த நோய், போன கூலி, இதையெல்லாம் ரூபாயாக்குவது லேசான வேலையா? அந்த ஊரில் யார் என்ன வேலை செய்தார்கள், எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று தெரியாமல் எந்தப் பொருளாதாரப் புத்தகத்தை வைத்தும் அதைப் போட முடியாது. சட்டசபை 2011-இல் நஷ்டஈட்டுத் தீர்ப்பாய மசோதாவை நிறைவேற்றியும் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைக்கவில்லை, ஏன் என்று கேட்டால் அப்புறம் அரசியல் சாசனமும் படிக்கணும்.

ஒன்று மட்டும், ஏதாவது ஒரு பாடத்தில் ஆழமாக இறங்கியே ஆகணும். எல்லாவற்றிலும் முதல் அத்தியாயம் மட்டும் படித்தவரை இந்த மாதிரி விஷயத்தில் யாரும் பக்கத்தில் சேர்க்க மாட்டார்கள். உங்கள் மச்சான் பயப்படுவது அந்த அளவுக்கு நியாயம்.

ஹிஸ்டரி மேஜர்:
அண்ணா, ஃபீஸ் பற்றிக் கேட்டீர்கள். நான் பாலக்காடு ஜில்லாவில் அரசு காலேஜ், காலிக்கட் யுனிவர்சிட்டி. 2024 ஜூலையில் கேரளாவில் நாலு வருடப் படிப்பு வந்ததே, அதில் முதல் பேட்ச். மேஜர் (முக்கியப் பாடம்) ஒன்று, மைனர் (துணைப் பாடம்) தனியாக, முதல் மூன்று செமஸ்டரில் வேறு துறைப் பாடம் ஒவ்வொன்று. மூன்று வருடத்தில் 133 கிரெடிட்டோடு (பாடத்துக்குப் பாடம் சேருகிற புள்ளி) டிகிரி வாங்கிக்கொண்டு போகலாம், நாலாவது வருடம் இருந்தால் 177, ஹானர்ஸ். உங்கள் மகள் கேட்பது ஏறக்குறைய இதுதான், அதுவும் அரசு ஃபீஸில்.

ஆனால் காகிதத்தில் இருக்கிற சாய்ஸ் வகுப்பில் இருக்காது. ஒரு செமஸ்டரில் எனக்குக் கெமிஸ்ட்ரி கிடைத்தது. மேடம் அவரவர் வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவரச் சொல்லி கடினத்தன்மை பார்க்க வைத்தார். பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட, ஒயின் சிவப்பு சட்டென்று நீலமாக மாறும், தண்ணீர் எவ்வளவு கடினமோ அவ்வளவு அதிகச் சொட்டு பிடிக்கும். எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீர் மாறவே மாட்டேன் என்றது, வாய்க்கால் ஓரத்துக் கிணற்றுத் தண்ணீர் சீக்கிரம் மாறிவிட்டது. அதற்கப்புறம்தான் பாசன வரலாறு எனக்கு உறைத்தது. அடுத்த செமஸ்டரில் கிடைத்த பாடம் வெறும் நோட்ஸ் டிக்டேஷன். எந்தப் பாடம் என்று சொல்ல விரும்பவில்லை, விடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை அப்பா:
எல்லோருக்கும் நன்றிங்க. மகளிடம் காட்டினேன், பிளாச்சிமடை பதிலை ரெண்டு தரம் படித்தாள். தம்பி, காலேஜில் போய் நான் என்ன கேட்கணும்?

ஹிஸ்டரி மேஜர்:
பிராஸ்பெக்டஸில் இருக்கிற லிஸ்டைக் கேட்காதீர்கள் அண்ணா. பொருளாதாரம் மேஜருக்கு இந்த வருடம் எந்தெந்த மைனர் நிஜமாகவே நடந்தது, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுக்க நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, கெஸ்ட் லெக்சரரா, இரண்டு வகுப்பும் ஒரே நேரத்தில் மோதுகிறதா, இதைக் கேளுங்கள். ஆபீஸில் கேட்பதைவிட, கேட் பக்கத்து டீக்கடையில் செகண்ட் இயர் பசங்களிடம் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.