பிஎஸ்ஏ 2தான் இருந்துச்சு, ஆனா கேன்சர்

புதுவயல்ல எங்க அம்மான், ரைஸ்மில் வச்சிருந்தவுக. ஒன்னுக்கு சரியா போகலைன்னு ஆரம்பிச்சுச்சு, ராத்திரில சும்மா சும்மா எந்திரிப்பாக. வயசானா ப்ராஸ்டேட் சுரப்பி வீங்கத்தான் செய்யும்னு ஒன்னுக்கு லேசாப் போறதுக்கான டாம்சுலோசின் மாத்திரை எழுதிக் குடுத்தாங்க, பிஎஸ்ஏ (ப்ராஸ்டேட் கேன்சர் இருக்கான்னு சந்தேகம் பாக்குற ரத்தப் பரிசோதனை) பாத்தா 2 சொச்சம், 4க்கு கீழன்னா நார்மல்னு லேப் ஷீட்லயே போட்டிருக்கும்ல, அதை மடிச்சு சட்டைப்பையில வச்சுக்கிட்டு போறவுக வர்றவுகள்ட்டல்லாம் காட்டுவாக.

அப்புறம் சுத்தமா அடைச்சு ட்யூப் போட வேண்டியதாப் போச்சு. மதுரையில ஒரு யூராலஜிஸ்ட்தான் ஆசனவாய்ல விரல் விட்டுப் பாத்துட்டு, பிஎஸ்ஏவ ஓரமா வைங்க, கல்லு மாதிரி இருக்குன்னு சதை எடுத்துப் பாக்குற பயாப்சிக்கு அனுப்புனாரு. ரெண்டு நிமிசம்கூட ஆகாத சோதனை, அதுக்கு முன்னாடி பாத்த யாருமே செய்யல (அம்மானும் கூச்சப்பட்டு வேணாம்னிருப்பாக, அது வேற).

ரிசல்ட்டு ஸ்மால் செல் நியூரோஎண்டோக்ரைன் கார்சினோமா, ப்ராஸ்டேட்ல அபூர்வமா வர்ற ஒரு கேன்சர் ரகம். சினாப்டோஃபைசின், க்ரோமோகிரானின்னு சாயம் போட்டுப் பாத்து உறுதி பண்ணாங்க. இந்த செல்லு பெரும்பாலும் பிஎஸ்ஏவ சுரக்கறதே இல்லயாம், அதான் ரத்தத்துல ஏறல. ஆண் ஹார்மோனை நம்பி வளர்ற ரகமும் இல்ல, அதனால வழக்கமா போடுற ஹார்மோன் ஊசிக்கும் மசியாது. ப்ராஸ்டேட் கேன்சருக்கு எடுக்குற பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன்ல தெரியாமப் போகலாம்னு, சர்க்கரை மாதிரி மருந்து ஏத்தி எடுக்குற எஃப்டிஜி பெட் ஸ்கேன் எடுக்கச் சொன்னாங்க, எடுத்தா லிவர்லயும் இருக்கு.

கார்போபிளாட்டின், எட்டோபோசைட், நுரையீரல் ஸ்மால் செல்லுக்கு குடுக்குற அதே கீமோதான், 21 நாளைக்கு ஒருக்க. அடுத்த ஸ்கேன்ல பாதிக்கு மேல சுருங்கிருச்சு, வீட்ல எல்லாருக்கும் சந்தோசம், ஆனா டாக்டர் மட்டும் சிரிக்கல, இது சட்டுனு சுருங்கும் சட்டுனு திரும்பவும் வரும்னாரு. அப்படித்தான் ஆச்சு. வருசம் திரும்பறதுக்குள்ள போயிட்டாக.

*

அண்ணே, உங்க அம்மான் கதையப் படிச்சுட்டு தேவகோட்டையிலேருந்து எழுதுறேன். எங்க அப்பச்சிக்கு வந்தது ப்ராஸ்டேட் கேன்சர்லயே டக்டல் டைப்னு ஒரு ரகம், அதுவும் அபூர்வம்தான். ஒன்னுக்குல ரத்தம் வந்துச்சு, கல்லடைப்புன்னு நெனச்சு வாழைத்தண்டு சாறெல்லாம் குடிச்சாக, கேமரா விட்டுப் பாத்தப்பதான் மூத்திரக்குழாய்க்குள்ளயே கட்டி நீட்டிக்கிட்டு இருந்தது தெரிஞ்சுச்சு. உங்க அம்மானுக்கு வந்தது மாதிரி இல்லாம இது ஹார்மோனுக்கு கேக்கும், ரேடியேசனும் ஹார்மோன் ஊசியும் முடிச்சு இப்ப நடமாட்டமா இருக்காக.

செகண்ட் ஒப்பீனியன் போறவங்க பயாப்சி பண்ண லேப்ல ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் (எடுத்த சதைய மெழுகுல பதிச்சு வச்சிருக்கறது) கையோட கேட்டு வாங்கிக்கங்க. வெறும் ரிப்போர்ட் பேப்பரோட பல்லவன் ரயில் ஏறி சென்னைக்குப் போனா, பிளாக்கு எங்கன்னுதான் மொதல்ல கேப்பாங்க.