உதவி வேணும்: 75 ஆயிரத்துக்குள்ள கேமிங் பிசி, கடையில குடுத்த கொட்டேஷன் சரியா இருக்குங்களா?

நொய்யல்77:
வணக்கமுங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனி ஆபீஸ்ல வேலை பாக்கறேன், இந்த 2024 தீபாவளி போனஸும் ஏற்கெனவே சேத்து வெச்சதும் சேந்து 75 ஆயிரம் கையில இருக்கு, மானிட்டர் கீபோர்டு மவுஸ் எல்லாம் உட்பட இதுக்குள்ள முடிக்கணும், மேல போட வழியில்லைங்க. தம்பி வேலரன்ட் மட்டும்தான் விளையாடுவான், எனக்கு ஜிடிஏ 5, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ரெண்டும் ரொம்ப நாள் ஆசை. கோயமுத்தூர்ல ஒரு கடையில கேட்டதுக்கு இப்படி எழுதிக் குடுத்தாங்க: ஐ7 12700 ப்ராசஸர் 27,000, ஹெச்610 மதர்போர்டு 7,000, 8 ஜிபி ராம் ஒண்ணு 2,000, ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டு 17,500, 256 ஜிபி எஸ்எஸ்டியும் 1 டிபி ஹார்ட்டிஸ்கும் சேத்து 6,000, ஆறு ஆர்ஜிபி ஃபேன் வெச்ச கேபினெட்டும் 500 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் (பவர் சப்ளை) 5,500, 24 இன்ச் 75 ஹெர்ட்ஸ் மானிட்டர் 8,000, கீபோர்டு மவுஸ் 1,500. மொத்தம் 74,500. ஐ7 போட்டுட்டா அஞ்சு வருசத்துக்கு கைய வெக்க வேண்டாம்னு சொல்றாங்க. இன்னும் அட்வான்ஸ் குடுக்கல, குடுக்கலாமுங்களா?

ரிச்சித்தெரு_வாசி:
குடுக்காதீங்க ப்ரோ. முதல்ல அந்த 74,500ல ஜிஎஸ்டி சேந்திருக்கான்னு கேளுங்க. தனியான்னா 18 சதவீதம், அதாவது 13,410 மேல வரும், மொத்தம் 87,910 ஆயிடும். பில் வேணாம்னா இதே விலைக்குத் தரேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க, நாளைக்கு கார்டு போச்சுன்னா வாரண்டிக்கு அந்த பில்லுதான், அதுலயும் ஒவ்வொரு பார்ட்டோட சீரியல் நம்பரும் இருக்கணும்.

அடுத்தது, இது கேமிங் கொட்டேஷனே இல்ல. 27 ஆயிரம் ப்ராசஸருக்குப் போட்டு 17,500 கார்டுக்குப் போட்டிருக்காங்க, கேமிங்குக்கு தலைகீழா இருக்கணும். ரெட் டெட் மாதிரி கேம்ல படத்தை வரையறது கார்டுதான், ஐ7 பாதி நேரம் கார்டு முடிக்கட்டும்னு காத்துட்டு இருக்கும். 12700 நல்ல ப்ராசஸர்தான், வீடியோ எடிட்டிங் ரெண்டரிங்னு வேலை இருக்கறவங்களுக்கு நான் தாராளமா சொல்லுவேன், உங்க ரெண்டு பேருக்கும் அது தேவையில்ல.

அந்த 3050 விஷயத்தையும் பாத்துக்கோங்க. 3050ன்னு ஒரே பேர்ல ரெண்டு கார்டு விக்குது. 2022ல வந்த 8 ஜிபி வேற, 2024ல வந்த 6 ஜிபி வேற. புதுசுல மெமரி மட்டும் குறையல, உள்ள இருக்கற கோர் 2560ல இருந்து 2304 ஆச்சு, மெமரி பஸ் 128 பிட்ல இருந்து 96 ஆச்சு. கரண்ட் 70 வாட்தான் இழுக்கும், சின்ன எஸ்எம்பிஎஸ் இருக்கற பழைய ஆபீஸ் பிசில சொருக அருமையான கார்டு, புதுசா 75 ஆயிரம் செலவு பண்றவங்க வாங்கற கார்டு இல்ல.

சர்வீஸ்பெஞ்ச்:
மேல சொன்னது அத்தனையும் சரி. என் பயம் எஸ்எம்பிஎஸ் மேல. கேபினெட்டோட சேத்து 5,500ன்னா, ஆறு ஃபேன் கேபினெட்டே நாலாயிரத்துக்கு வரும், மிச்சம் ஆயிரத்து ஐநூறுல எந்த 500 வாட் வரும்னு பாருங்க. ஸ்டிக்கர்ல 500 இருக்கும், 12 வோல்ட் லைன்ல எத்தனை ஆம்பியர்னு சின்ன எழுத்துல போட்டிருப்பான், அதை 12ஆல பெருக்கினா உண்மை தெரிஞ்சிடும். என் பெஞ்சுக்கு வர்ற செத்துப்போன கிராபிக்ஸ் கார்டுகள்ல பேர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸோட வர்றதுதான் ஜாஸ்தி. கரண்டை அதிகம் வீணாக்காதுன்னு தர்ற 80 ப்ளஸ் ப்ரான்ஸ் முத்திரை இருக்கற, அஞ்சு வருச வாரண்டி தர்ற 550 வாட் ஒண்ணு நாலாயிரத்து சொச்சத்துக்குக் கிடைக்குது, அதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க தம்பி.

கேபினெட் முன்பக்கம் முழுக்க கண்ணாடியா இருந்தாலும் வேண்டாம். எத்தனை ஃபேன் வெச்சாலும் காத்து உள்ள போக வழி இருக்கணும்ல, சித்திரை வெயில்ல உங்க ரூமே 36, 37 டிகிரி இருக்கும், முன்னாடி வலை போட்டதா பாத்து வாங்குங்க. ராம் ஒத்தை 8 ஜிபியும் வேண்டாம், 8 ஜிபி ரெண்டு போட்டாதான் டூயல் சேனல்ல, அதாவது ரெண்டு வழியில ஒரே நேரத்துல ஓடும், கேம்ல அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

வைகைக்கரை:
எங்க மதுரைப் பக்கம் போன மாசம்தான் ஒரு செட் போட்டுக் குடுத்தேன், அந்த விலையவே ஜிஎஸ்டியோட சொல்றேன்ணே, கடைக்குக் கடை ஐநூறு ஆயிரம் முன்னப்பின்ன இருக்கும். ரைசன் 5 5600 ப்ராசஸர் 11,000, நாலு ராம் ஸ்லாட் இருக்கற பி550எம் போர்டு 9,500, 3200 ஸ்பீடு டிடிஆர்4 8 ஜிபி ரெண்டு 3,600, ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி கார்டு 20,500, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி 5,500, 550 வாட் ப்ரான்ஸ் 4,300, வலை போட்ட கேபினெட் 3,500, 24 இன்ச் ஐபிஎஸ் 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் 10,000, கீபோர்டு மவுஸ் 1,500. கூட்டிப் பாத்தா 69,400. மிச்சம் 5,600 இருக்கு.

ஹார்ட்டிஸ்க் ஏன் போடலன்னா, ரெட் டெட் ஒண்ணுக்கே 150 ஜிபி கேக்கும், உங்க கொட்டேஷன்ல இருக்கற 256ல விண்டோஸ் போக அது ஒண்ணு வெச்சா முடிஞ்சது கதை, ஜிடிஏ ஹார்ட்டிஸ்குக்குப் போகும், லோடிங்ல உயிர் போயிரும். 5600ஜி, 5500னு விலை கம்மியா காட்டுனா வாங்கிராதீங்க. 5600க்கு எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளயே இருக்கற வேகமான மெமரி) 32 எம்பி, அதுங்களுக்கு 16தான், கார்டோட பேசற பிசிஐஇ வழியும் பழைய 3.0தான். 6600 கார்டு எட்டு லேன்லதான் பேசும், அதனால 4.0 இருந்தா நல்லது.

பவானிசாகர்:
எல்லாம் ஓகே, ஆனா 2024ல போயி ஏஎம்4 வாங்கச் சொல்றது எனக்கு மனசு வரல. 5600 ப்ராசஸர் உக்கார்ற, 2016ல ஆரம்பிச்ச சாக்கெட் அது, இதுக்கு மேல பெருசா ஒண்ணும் வராது. ரைசன் 5 7600, பி650 போர்டு, டிடிஆர்5 ராம் போட்டா 2027 வரைக்கும், அதுக்கு மேலயும் அந்த புது சாக்கெட் ஏஎம்5க்கு சப்போர்ட் உண்டுன்னு ஏஎம்டியே சொல்லிருக்கு, பின்னாடி ப்ராசஸர் மட்டும் மாத்திக்கலாம்.

ரிச்சித்தெரு_வாசி:
சாகர், பணம் எங்க இருந்து வரும்? 7600 18 ஆயிரம், போர்டு 12, டிடிஆர்5 5 ஆயிரத்துக்கு மேல, அந்த மூணுக்கு மட்டும் 35 ஆச்சு. 5600 செட் 24தான். இந்த 11 ஆயிரத்தைக் கார்டுல இருந்துதான் வெட்டணும், வெட்டினா திரும்ப அதே 3050ல வந்து நிப்போம். தம்பியோட பட்ஜெட் 95ஆ இருந்தா நானும் ஏஎம்5தான் சொல்லுவேன். ஏஎம்4லயும் வழி அடைச்சிடல, 5700எக்ஸ்3டி ப்ராசஸர் இதே போர்டுல உக்காரும், ரெண்டு வருசம் கழிச்சு வேணும்னா மாத்திக்கட்டும்.

பவானிசாகர்:
75க்குள்ளன்னா சரிதான், ஒத்துக்கறேன். இன்டெல் ஐ5 12400எஃப்பும் இதே ரேஞ்சுதான், கடையில எது கையில இருக்கோ அது.

நொய்யல்77:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்ணா. கடைக்கு போன் போட்டேன், ஜிஎஸ்டி தனியாம், அந்தக் கடை வேண்டாம்னு விட்டுட்டேன். இன்னும் ரெண்டு சந்தேகமுங்க. ஆபீஸ்ல ஒரு அண்ணன் பழைய ஆர்எக்ஸ் 580 கார்டை ஏழாயிரத்துக்கு தரேங்கறார், அதை வாங்கி மிச்சத்தைப் ப்ராசஸர்ல போடலாமுங்களா? அப்பறம் லைன் வீட்டுல இருக்கோம், கரண்டு அடிக்கடி போகும், யூபிஎஸ் எவ்ளோ வேணும்?

சர்வீஸ்பெஞ்ச்:
580 வேண்டாம். 2017 கார்டு, 2022 செப்டம்பர்ல எத்தீரியம் மைனிங் (கார்டை ஓட்டி கிரிப்டோ காயின் எடுக்கறது) நின்னப்ப மூட்டை மூட்டையா வெளிய வந்தது, ராத்திரி பகல் நெருப்புல வெந்தது எதுன்னு வெளிய பாத்து சொல்ல முடியாது. போதாததுக்கு 580லயே 2048எஸ்பின்னு வெட்டுன வகை ஒண்ணு அதே பேர்ல சுத்துது. வாரண்டியோட புது 6600 கையில இருக்கறப்ப அது எதுக்கு.

யூபிஎஸ் 600 விஏன்னு எழுதிருந்தா நிஜத்துல 360 வாட்தான். உங்க செட்டு கேம் ஓடறப்ப ப்ராசஸர் 76, கார்டு 132, மத்ததும் மானிட்டரும் சேத்து 300க்குப் பக்கத்துல போகும், 600 விஏல ஓடும் ஆனா மூச்சு முட்டும், பேட்டரி கொஞ்சம் பழசான உடனே கரண்டு போனா பிசியும் சேந்து போகும். மிச்சம் இருக்கற 5,600ல 1000 விஏ பாருங்க. கேமை சேவ் பண்ணிட்டு ஷட்டவுன் பண்ண அஞ்சு நிமிசம் கிடைச்சா போதும், அதுல உக்காந்து விளையாடறதுக்கு இல்ல.

அதை விட முக்கியம், லைன் வீடுன்னு சொன்னீங்க, எர்த் இருக்கான்னு முதல்ல பாருங்க. பல வீட்டுல மூணு பின் ப்ளக் பாயிண்ட் இருக்கும், அந்தப் பெரிய ஓட்டைக்குப் பின்னாடி ஒயரே இருக்காது. கேபினெட்டைத் தொட்டா சுருக்குன்னு இருந்தா அதுதான் அடையாளம். ஓனர்கிட்ட சொல்லி வயர்மேனை வரவெச்சு அந்த ஒரு பாயிண்டுக்காவது எர்த் இழுத்துக்கோங்க, அது முடிஞ்சப்பறம் பிசி வாங்குங்க.

நொய்யல்77:
ஓனர் அம்மாகிட்ட பேசி எர்த் இழுத்தாச்சுங்க, நீங்க சொன்ன மாதிரி ஒயரே இல்ல. வைகைக்கரை அண்ணன் லிஸ்டையே காந்திபுரத்துல வேற கடையில குடுத்து யூபிஎஸ்ஸோட 74,800க்கு பில்லோட வாங்கியாச்சு, கடையிலயே அசெம்பிள் பண்ணி விண்டோஸ் போட்டு வேலரன்ட் ஓட்டியும் காட்டினாங்க. பஸ்ல மடியில வெச்சுத்தான் கொண்டு வந்தேன். இங்க வந்து போட்டா ஃபேன் எல்லாம் சுத்துது, மானிட்டர்ல நோ சிக்னல்னு வருது. ஹெச்டிஎம்ஐ கார்டுலதான் சொருகிருக்கேன், வேற கேபிளும் பாத்துட்டேன். தம்பி முகத்தைப் பாக்க முடியலைங்ணா, யாராச்சும் சொல்லுங்க.

சர்வீஸ்பெஞ்ச்:
பதறாதீங்க, ஒண்ணும் ஆகியிருக்காது. மதர்போர்டுல ராமுக்குப் பக்கத்துல ஓரமா நாலு குட்டி லைட் வரிசையா இருக்கும், சிபியூ, டிராம், விஜிஏ, பூட்னு எழுதியிருக்கும். ஆன் பண்ணி அரை நிமிசம் கழிச்சு எது அணையாம நிக்குதுன்னு பாத்து சொல்லுங்க.

நொய்யல்77:
விஜிஏ பக்கத்துல வெள்ளையா நிக்குதுங்க.

சர்வீஸ்பெஞ்ச்:
அப்ப கார்டுதான் பஸ் குலுக்கல்ல நகந்திருக்கு. சுவிட்சை அணைச்சு, பவர் கேபிளைக் கழட்டி, பிசியோட பவர் பட்டனை ஒரு தடவ அமுக்கி விடுங்க, மிச்சக் கரண்டு இறங்கிடும். கேபினெட்டைப் படுக்க வைங்க. கார்டுக்கு வர்ற எட்டு பின் ஒயரை எடுத்துட்டு, பின்பக்கம் கார்டைப் பிடிச்சிருக்கற ஸ்க்ரூவைக் கழட்டுங்க. ஸ்லாட்டோட வலது ஓரத்துல ஒரு பிளாஸ்டிக் லாக் இருக்கும், அதை அமுக்கினாதான் கார்டு வரும், இழுக்காதீங்க. திரும்ப நேரா வெச்சு ரெண்டு கையால சமமா அமுக்குங்க, அந்த லாக் டக்குன்னு தானா மேல வரணும். வந்தப்பறம் ஸ்க்ரூ, எட்டு பின், அதுவும் டக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும்.

நொய்யல்77:
வந்துருச்சுங்ணா!! கார்டோட ஒரு ஓரம் ஸ்லாட்டை விட்டு மேல தூக்கியிருந்துச்சு, ஸ்க்ரூவும் லூசா இருந்துச்சு. தம்பி இப்பவே உக்காந்துட்டான்.

வைகைக்கரை:
சூப்பர்ணே! தம்பிய ஒரு பத்து நிமிசம் எந்திரிக்கச் சொல்லுங்க, ரெண்டு வேலை பாக்கி இருக்கு. டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ், மெமரி போயி ஸ்பீடு என்னன்னு பாருங்க. 2666னோ 2133னோ இருந்தா பயாஸ்ல எக்ஸ்எம்பி (ராமை முழு ஸ்பீடுல ஓட்டற செட்டிங்) ஆன் பண்ணல, ஆன் பண்ணா 3200 வரும், சில போர்டுல அதையே டிஓசிபின்னு போட்டிருப்பான். அப்பறம் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேக்குப் போயி ரெஃப்ரெஷ் ரேட் (செகண்டுக்கு எத்தனை தடவ படம் மாறுதுங்கறது) 165 இருக்கான்னு பாருங்க, வாங்கினதுல இருந்து 60லயே ஓட்டிட்டு இருக்கறவங்க நிறைய பேர். ஹெச்டிஎம்ஐல 165 காட்டலன்னா டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் போடுங்க, மானிட்டர் பெட்டிக்குள்ளயே இருக்கான்னு தேடிப் பாருங்க.

நொய்யல்77:
ராம் 2666னுதான் இருந்துச்சு, பயாஸ்ல மாத்திட்டேன், இப்ப 3200 காட்டுது. மானிட்டர் 60ல இருந்துச்சு. டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் பெட்டிக்குள்ள தெர்மாகோலுக்கு அடியில இருந்துச்சுங்க, சொருகின உடனே 165 வந்துருச்சு. ரெட் டெட் டவுன்லோடு போட்டிருக்கேன், 11 மணி நேரம் காட்டுது.

ரிச்சித்தெரு_வாசி:
யூபிஎஸ் சுவிட்ச் ஆன்லயே இருக்கட்டும், ஸ்லீப் மோடை ஆஃப் பண்ணிட்டு தூங்குங்க. கார்டு, எஸ்எம்பிஎஸ், மானிட்டர் பெட்டிகளைத் தூக்கிப் போட்டுடாதீங்க, பில்லை போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, ஒரிஜினல் மை ஒரு வருசத்துல மங்கிடும்.