தானே ஆறும் பிசின்: பசைக்கும் பூச்சுக்கும் ஒரே மருந்தா?

பிசின்_பித்தன்:
பசையிலும் பூச்சிலும் போடுகிற எபாக்ஸி என்ற பிசின் ஒருமுறை இறுகிவிட்டால் கதை முடிந்தது. உருகாது, கரையாது. விரிசல் விட்டால் சுரண்டி எடுத்துத் திரும்பப் பூச வேண்டும். ஆயுள் முடிந்தால் எரிக்க வேண்டும், இல்லாவிட்டால் புதைக்க வேண்டும். 2011இல் பாரிஸில் லுட்விக் லீப்லர் குழு இதற்கு ஒரு வழி காட்டியது. எபாக்ஸியைக் கொழுப்பு அமிலங்களோடு இறுக வைத்து, துத்தநாக வினையூக்கி ஒன்றைச் சேர்த்தார்கள். சூடேற்றினால் அவற்றுக்கிடையே உருவான எஸ்டர் என்ற வேதிப்பிணைப்புகள் ஆள் மாற்றி ஆள் கைகோத்துக்கொள்ளும், ஆனால் பிணைப்புகளின் மொத்த எண்ணிக்கை குறையாது. அதனால் மூலக்கூறுகள் பின்னிய வலை அறுந்துபோகாமலே இளகுகிறது. விரிசல் தானே ஆறும், உடைத்துத் தூளாக்கி மறுபடி அச்சில் வார்க்கவும் செய்யலாம். விட்ரிமர் என்று பெயர் வைத்தார்கள். இவ்வளவு வருடம் ஆகியும் பசை, பூச்சு தயாரிப்பவர்கள் பழைய எபாக்ஸியையே கட்டிக்கொண்டு அழுவது சோம்பலால்தான் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

உப்புப்புகை:
வந்துவிட்டேன். பூச்சையும் பசையையும் வதைத்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு.

ஒரு விட்ரிமர் பசை மாதிரி சோதனைக்கு வந்தது. இரண்டு உலோகப் பட்டைகளின் முனைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டி, இயந்திரத்தில் இழுத்தோம். வழக்கமான எபாக்ஸிக்குச் சமமாகத் தாங்கியது. எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் அதே மாதிரி இன்னொரு இணைப்பில் எடையைக் கட்டி, 80 டிகிரி ஓவனில் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் எடை கீழே கிடந்தது. ஒட்டிய இடத்தைப் பார்த்தால் முறிந்த தடமே இல்லை. பசை ஒரே திசையில் இழுபட்டு, ஓரத்தில் நாக்கு மாதிரி மெல்லிசாக நீண்டிருந்தது. நீங்கள் புகழ்கிற அந்த ஆள் மாற்றும் வேலையை அது இரவு முழுக்கச் செய்திருக்கிறது. இதைத்தான் நாங்கள் க்ரீப் என்கிறோம். ஆறவைக்கிற அசைவும் நழுவவைக்கிற அசைவும் ஒன்றுதான் நண்பரே. ஒன்றை வாங்கினால் மற்றது கூடவே வரும்.

பிசின்_பித்தன்:
ஒரு மாதிரி விழுந்ததை வைத்து மொத்தக் குடும்பத்தையும் ஒதுக்குவீர்களா? அசைவு எவ்வளவு வேகம் என்பது வெப்பநிலையைப் பொறுத்தது. 180 டிகிரியில் நடப்பதும் 80இல் நடப்பதும் ஒன்றாகாது.

உப்புப்புகை:
கணக்குப் போடுவோமா? எஸ்டர் மாற்றத்துக்கான கிளர்வு ஆற்றல், அதாவது வினை நடக்கத் தாண்ட வேண்டிய தடை, மோலுக்குச் சுமார் 80 கிலோஜூல் என்று வையுங்கள். 180 டிகிரியில் ஒரு நிமிடத்தில் தளர்கிற வலை, 80 டிகிரிக்கு இறங்கினால் சுமார் 400 மடங்குதான் மெதுவாகும். அதாவது ஏழு மணி நேரம். என் எடை விழுந்ததற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

பிசின்_பித்தன்:
அதே சூத்திரத்தில் 150 கிலோஜூல் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிடம், 55 நாளாகிவிடும். இது வலை தாராளமாக அசையக்கூடிய நிலையில் உள்ள கணக்கு. உங்கள் மாதிரி 80 டிகிரியில் ஏற்கெனவே ரப்பர் பதத்துக்கு வந்திருக்கும். இளகும் வெப்பநிலையை 120க்கு மேல் தூக்கி வடிவமைத்தால் சங்கிலிகள் கண்ணாடி போல உறைந்து நிற்கும், பிணைப்பு மாறவும் இடமிருக்காது. இது பொருளின் குற்றமில்லை, தேர்வின் குற்றம்.

உப்புப்புகை:
சரி, உறைந்து நிற்கட்டும். அப்போது கீறல் எப்படி ஆறும்? ஹீட் கன்னோடு ஒருவர் வந்து 180 டிகிரிக்குக் காய்ச்ச வேண்டும். கப்பல் உடல் முழுவதையும் காய்ச்சுவீர்களா? தானே ஆறும் என்கிறீர்களே, அதில் "தானே" எங்கே போயிற்று?

சும்மா_பார்க்கிறேன்:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். காய்ச்சாமலே ஆறுகிற வகை இருக்கிறதே, அது என்ன ஆயிற்று? உள்ளே குட்டிக் குட்டி உருண்டைகள் வைப்பார்கள் என்று படித்த ஞாபகம்.

உப்புப்புகை:
இருக்கிறது. 2001இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் வைட் குழு செய்தது. விரிசல் ஓடும்போது நுண்குமிழ்கள் உடைந்து உள்ளிருக்கும் திரவம் கசியும், எபாக்ஸியில் கலந்திருக்கும் வினையூக்கி அதை இறுக்கும். முறிவைத் தாங்கும் வலிமையில் 75 சதவீதம் வரை மீண்டது. அழகான வேலை, மறுக்கவில்லை. ஆனால் ஒரு குமிழ் ஒரு முறைதான் உடையும். அதே இடத்தில் மறுபடி அடிபட்டால் அங்கே மருந்து இல்லை. அந்தக் குமிழ்களின் அளவு நூற்றுக்கணக்கான மைக்ரான், காரின் மேற்பூச்சோ மொத்தமே 40, 50 மைக்ரான். பிற்பாடு குமிழைச் சிறிதாக்கினார்கள், ஆனால் சிறிதாக்கச் சிறிதாக்க உள்ளே இருக்கும் மருந்தும் சுருங்கிவிடுகிறது.

பிசின்_பித்தன்:
அதனால்தான் பிணைப்பிலேயே கைவைக்கச் சொல்கிறேன். 2018இல் டோக்கியோவில் தகுஸோ ஐடா குழுவின் தயோயூரியா பாலிமரை மறந்துவிட்டீர்கள். கண்ணாடி போல விறைப்பானது. உடைந்த முகங்களைச் சேர்த்து அழுத்தினால் அறை வெப்பநிலையிலேயே ஒட்டிக்கொள்கிறது.

உப்புப்புகை:
சேர்த்து *அழுத்தினால்*. பூச்சில் கீறல் விழுந்தால் இரண்டு கரையையும் பிடித்து அழுத்தப் போவது யார்? மணலோ ஆணியோ உரசினால் கொஞ்சம் பொருளே பெயர்ந்து போய்விடும். இல்லாத இடத்தில் எந்தப் பிணைப்பு போய்க் கைகோக்கும்? அதோடு அந்தப் பாலிமரை ஒட்டவைப்பது ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணீர் வந்தால் அதுவும் பங்குக்கு வரும்.

பிரிப்பாளர்:
இரண்டு பேரும் ஒரு கயிற்றை ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறீர்கள். எனக்கு அது இரண்டு கயிறாகத் தெரிகிறது. நான் ஆயுள் முடிந்த பொருள்களைப் பிரிக்கிற பக்கம் இருக்கிறேன்.

50 மைக்ரான் பூச்சைத் திரும்ப எடுத்து அதிலிருந்து பிசின் செய்யப்போவதாக யாராவது சொன்னால் சிரிப்புதான் வரும். இரும்பு மேல் இருந்தால் உருக்கும்போது அது எரிந்துவிடும். பிளாஸ்டிக் பம்பர் மேல் இருந்தால்தான் தலைவலி. பம்பரை அரைத்து உருக்கினால் பெயிண்ட் துணுக்குகள் உருகாமல் அப்படியே நிற்கும். புது வார்ப்பில் புள்ளிப் புள்ளியாகத் தெரியும், விரிசல் அங்கிருந்துதான் புறப்படும். ஆகவே பூச்சில் எனக்கு வேண்டியது பூச்சே இல்லை. அது சுத்தமாகக் கழன்று போக வேண்டும், அவ்வளவுதான். பசையும் அப்படித்தான். ஒட்டிய இரண்டு பொருளும் சேதமில்லாமல் பிரிந்தால் போதும், பசையை யாருக்கு வேண்டும்?

இதற்கு எந்நேரமும் ஆள் மாற்றுகிற பிணைப்பு தேவையில்லை. பூட்டு போதும். சீமென்ஸ் கமேசா 2021இல் அறிவித்த காற்றாலை இறக்கையைப் பாருங்கள். பிசின் வழக்கமான வலைதான், வேலை செய்யும் காலம் முழுக்க நழுவாது. ஆயுள் முடிந்ததும் சூடான மென் அமிலக் கரைசலில் போட்டால் ஹார்டனரில், அதாவது பிசினை இறுக வைக்கும் பொருளில், வைத்த பிணைப்பு அறுந்து, பிசின் இறக்கைக்கு வலுவூட்டும் இழையிலிருந்து பிரிகிறது. அது தன்னைத்தானே ஆற்றிக்கொள்வதே இல்லை. யாரும் அதைக் குறையாகச் சொல்லவும் இல்லை.

உப்புப்புகை:
இதைத்தான் நான் சொல்ல வந்தேன். கோபத்தில் சரியாக வரவில்லை.

பிசின்_பித்தன்:
வரவில்லை என்பதை நானும் கவனித்தேன் அண்ணே.

பிரிப்பாளர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆறுவதையும் மறுசுழற்சியையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், அது என் தப்பு. ஆனால் பூட்டு மட்டும் போதும் என்பதில் உடன்பாடில்லை. அமிலக் கரைசல் என்றால் தொட்டி வேண்டும், கழுவ வேண்டும், கழிவுநீரைப் பார்க்க வேண்டும். போனுக்குள் ஒட்டிய பேட்டரியைக் கழற்ற யாரும் அதை அமிலத்தில் முக்க மாட்டார்கள். அங்கே சூட்டுக்கு இளகும் பசைதான் சரி. க்ரீப்புக்கும் வழி உண்டு. வலையில் ஒரு பங்கை மாறவே மாறாத பிணைப்பாக வைக்கலாம். அந்தப் பங்கு தனியாகவே ஒரு முழு வலையாகிவிடாத அளவுக்குள் இருந்தால், நழுவல் நன்றாகக் குறையும், சூட்டில் வார்க்கவும் முடியும்.

உப்புப்புகை:
காகிதத்தில் முடியும். உங்கள் மாதிரியில் அந்தப் பங்கு எவ்வளவு? எத்தனை மணி நேரம் தொங்கவிட்டீர்கள்?

பிசின்_பித்தன்:
…இழுத்து மட்டும்தான் பார்த்தோம்.

உப்புப்புகை:
அதானே பார்த்தேன்.

பிசின்_பித்தன்:
சரி, சரி. மூன்று இணைப்புகள் போடுகிறேன். நிலையான பங்கு இல்லாதது ஒன்று, கொஞ்சம் சேர்த்தது ஒன்று, வழக்கமான எபாக்ஸி ஒன்று. 80 டிகிரி, ஒரே எடை, ஆயிரம் மணி நேரம். படத்தோடு வருகிறேன்.

உப்புப்புகை:
ஈரப்பதம் 85 சதவீதம் வையுங்கள், எஸ்டருக்கு அதுதான் பரீட்சை. அடியில் மறக்காமல் ஒரு தட்டு. எடை விழுந்து ஓவன் கண்ணாடி உடைந்தால், அது தானே ஆறாது.