இன்னும் 50 கஜம்தான்

குழு: ஆலமரத்து வீடு

காலை 9:40
பெரியப்பா: (படம்) அலமாரியில் கரையான் ஏறிவிட்டது. கீழ்த்தட்டு முழுவதும் போய்விட்டது. நல்லவேளை, இந்த வரிசை தப்பித்தது. டிக் பிரான்சிஸ் நாவல்கள், மொத்தம் 27. பாதி மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்னால் அங்கே வாங்கியவை. எடைக்குப் போட மனம் வரவில்லை. யாருக்காவது வேண்டுமா?

காலை 9:52
யாழினி: யார் பெரியப்பா இவர்? எல்லா அட்டையிலும் குதிரையாக இருக்கிறதே. ரேஸ் சூதாட்டக் கதைகளா?

காலை 9:55
பெரியப்பா: இல்லை யாழினி. திரில்லர். ரேஸ் உலகத்துக்குள் நடக்கும் குற்றங்கள். எழுதியவரே பிரிட்டனில் பெரிய ஜாக்கி. 1953-54 சீசனில் சாம்பியன். அரசி எலிசபெத்தின் தாயாருடைய குதிரைகளையே ஓட்டியவர்.

காலை 9:57
முரளி அண்ணா: அப்பா, அந்த டெவன் லாக் கதையைச் சொல்லுங்கள். சின்ன வயதில் எனக்குச் சொல்வீர்களே.

காலை 10:10
பெரியப்பா: சொல்கிறேன். 1956 மார்ச் 24. லிவர்பூல் பக்கத்தில் எய்ன்ட்ரீ மைதானம். கிராண்ட் நேஷனல் பந்தயம். நாலரை மைல் தூரம், 30 தடைகள். அந்தக் காலத்தில் பெரும்பாலும் பாதிக்கு மேல் குதிரைகள் ஓட்டத்தை முடிக்காது, அவ்வளவு கடினம். டிக் பிரான்சிஸ் ஏறியிருந்த குதிரை டெவன் லாக். அரசியின் தாயாருடையது. அரச குடும்பமே வந்து உட்கார்ந்திருக்கிறது.

30 தடைகளையும் தாண்டியாகிவிட்டது. பின்னால் வரும் குதிரை எட்டிப் பிடிக்க முடியாத தூரத்தில் இருக்கிறது. கூட்டம் முழுவதும் கத்துகிறது. முடிவுக் கோட்டுக்கு இன்னும் 50 கஜம்தான். முன்னால் தடையே கிடையாது, வெறும் புல்தரை. அந்த இடத்தில் குதிரை திடீரென்று எதையோ தாண்டுவதுபோல் எழும்பி, நாலு காலும் பரப்பி, வயிறு தரையில் அடிக்க விழுந்தது.

காலை 10:11
யாழினி: ஐயோ. ஏன்?

காலை 10:16
பெரியப்பா: இன்றுவரை உறுதியாகத் தெரியாது. பக்கத்தில் இருந்த தண்ணீர்த் தடையின் நிழலைப் பார்த்துத் தாண்டப் போனது என்றார்கள். காலில் பிடிப்பு என்றார்கள். கூட்டத்தின் இரைச்சல் திடீரென்று காதில் அறைந்ததுதான் காரணம் என்று டிக் பிரான்சிஸ் நம்பினார். இத்தனைக்கும் குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை, எழுந்து நின்றுவிட்டது. ஆனால் அதற்குள் பின்னால் வந்த இ.எஸ்.பி. என்ற குதிரை ஜெயித்துவிட்டது. இவர் கீழே விழுந்த சாட்டையைத் தேடிக்கொண்டு புல்தரையில் நடந்தார்.

அவருக்கு அந்தப் பந்தயத்தை ஜெயிக்க இன்னொரு வாய்ப்பு கிடைக்கவே இல்லை. அடுத்த வருடம் ஓட்டுவதை நிறுத்திவிட்டார்.

காலை 10:20
அப்பா: ஜெயித்திருந்தால் எழுத்தாளர் ஆகியிருக்க மாட்டார் என்று அண்ணா எப்போதும் சொல்வார்.

காலை 10:27
பெரியப்பா: ஆமாம் ரவி, இப்போதும் அதைத்தான் சொல்வேன். அந்த விழுகைக்குப் பிறகுதான் சுயசரிதை எழுதச் சொல்லிக் கேட்டார்கள். 15 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். எழுதினார். 1957இல் வந்தது. அப்படியே சண்டே எக்ஸ்பிரஸ் பத்திரிகையில் ரேஸ் நிருபர் வேலை, 16 வருடம். இரண்டு பையன்களைப் படிக்க வைக்க அந்தச் சம்பளம் போதவில்லை. நாவல் எழுதிப் பார்த்தார். 1962இல் 'டெட் செர்ட்'. அதிலும் முதலில் நடப்பது ஒரு குதிரை விழுவதுதான். நண்பன் கண்ணெதிரே விழுந்து சாகிறான். போய்ப் பார்த்தால் தடைக்கு மேலே கம்பி கட்டியிருக்கிறது.

அதற்குப் பிறகு ஏறக்குறைய வருடத்துக்கு ஒன்று. ஜனவரி பிறந்ததும் நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுத ஆரம்பிப்பார். மே மாதம் பதிப்பகத்துக்குப் போய்விடும். மழைக்காலத்துக்கு முன்னால் நாம் விதைப்பதுபோல, நாள் தப்பாத வேலை. மொத்தம் 40க்கு மேல்.

காலை 10:31
யாழினி: 40 புத்தகமும் குதிரை பற்றியா? அலுக்காதா?

காலை 10:38
பெரியப்பா: அங்கேதான் அவர் கெட்டிக்காரர். குதிரை எங்கேயாவது இருக்கும். ஆனால் கதை சொல்கிறவன் ஒவ்வொரு தடவையும் வேறு தொழில்காரன். ஒயின் வியாபாரி, வங்கிக்காரர், விமானி, ஓவியர், புகைப்படக்காரர், கண்ணாடி ஊதுகிறவர். அந்தத் தொழிலின் நெளிவுசுளிவெல்லாம் கதையோடு வந்துவிடும். இருட்டறையில் படம் கழுவுவது எப்படி என்று நான் கற்றுக்கொண்டதே 'ரிஃப்ளெக்ஸ்' படித்துத்தான்.

காலை 10:44
அத்தை: அண்ணா, இவ்வளவு சொல்கிறீர்கள், மேரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே. அந்த இருட்டறை வேலையைக் கற்றுக்கொண்டது மேரி. விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டதும் மேரி.

காலை 10:45
யாழினி: மேரி யார் அத்தை?

காலை 10:58
அத்தை: அவர் மனைவி. கல்லூரியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் படித்தவர். 1947இல் கல்யாணம். 1949இல் முதல் குழந்தை வயிற்றில் இருக்கும்போது போலியோ வந்தது. மூச்சுவிட முடியாமல், இரும்பு நுரையீரல் என்று சொல்வார்களே, கழுத்துவரை உடம்பை உள்ளே வைத்து மூடும் பெட்டி, அதில் கிடந்தார். பிழைத்து எழுந்து வந்தார்.

அப்புறம் கணவர் நாவல் எழுத ஆரம்பித்ததும், எந்தத் தொழில் கதையில் வருகிறதோ அதை இவர் போய்க் கற்றுக்கொண்டு வருவார். 'ஃப்ளையிங் ஃபினிஷ்' 1966இல் வந்தது. அதற்காக விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனவர் அதோடு நிற்கவில்லை. ஏர் டாக்சி நிறுவனமே நடத்தினார், விமானம் ஓட்டுவது பற்றித் தனியாக ஒரு புத்தகமும் எழுதினார். அந்த அனுபவம்தான் 'ரேட் ரேஸ்' நாவல். ஓவியம் பற்றிய கதைக்கு வண்ணம் தீட்டப் பழகினார். கணவர் எழுதிய பக்கங்களைத் திருத்தியதும் அவர்தான்.

காலை 11:05
அப்பா: உண்மையில் எல்லாவற்றையும் எழுதியதே மனைவிதான் என்று ஒருவர் புத்தகம் போட்டாரே?

காலை 11:14
பெரியப்பா: 1999இல் கிரஹாம் லார்ட் என்ற பத்திரிகையாளர் அப்படி எழுதினார். பெரிய சலசலப்பு ஆனது. நான் அதை ஏற்க மாட்டேன் ரவி. குதிரை முதுகில் உட்கார்ந்து தடையை நெருங்கும்போது வயிற்றில் என்ன நடக்கும் என்பது அந்தப் பக்கங்களில் இருக்கிறது. தோள்பட்டை எலும்பு உடைந்து உடைந்து ஓட்டியவனுக்குத்தான் அது தெரியும். வலியை அவ்வளவு நிதானமாக எழுதியவர்கள் குறைவு.

காலை 11:22
அத்தை: நானும் அதை ஏற்கவில்லை அண்ணா. ஆனால் 'ஒருவர் எழுதினார், இன்னொருவர் உதவினார்' என்பதையும் ஏற்க மாட்டேன். மேரி இல்லாமல் இந்த நாவல்கள் இல்லை என்று அவரே சொன்னார். இரண்டு பேர் சேர்ந்து செய்த வேலை. அட்டையில் ஒரு பெயர்தான் இருக்கிறது. மேரி அது போதும் என்று இருந்துவிட்டார். எனக்குப் போதாது.

காலை 11:24
யாழினி: பெரியப்பா அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு அட்டையில் ஆசிரியர் பெயருக்குக் கீழே பேனாவால் 'மேரியும்' என்று எழுதியிருக்கிறது!

காலை 11:25
அத்தை: நான்தான் எழுதினேன். அது 'ஃபோர்ஃபிட்'. என் புத்தகம். அண்ணா வரிசையில் எப்படிப் போனது என்று தெரியவில்லை.

காலை 11:26
யாழினி: அதில் என்ன விசேஷம் அத்தை?

காலை 11:41
அத்தை: கதாநாயகன் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை ஒன்றின் ரேஸ் நிருபர். மனைவிக்குப் போலியோ. கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய எதுவும் அசையாது. ஒரு பம்ப் ஓடினால்தான் மூச்சு. வில்லன்களுக்கு அது தெரிந்துவிடுகிறது.

எனக்கு 3 வயதில் போலியோ வந்தது உனக்குத் தெரியும். காலில் கேலிப்பர் என்ற தாங்குகம்பியை மாட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போன காலத்தில் இதைப் படித்தேன். அதுவரை கதைகளில் எங்களைப்போல் ஒருவர் வந்தால் எல்லாரும் அழுவதற்காக வருவார், இல்லை கடைசியில் அதிசயமாக நடப்பார். இந்தப் பெண் அப்படி இல்லை. கரண்ட் போனால் என்ன செய்வது, ஆள் வராவிட்டால் யார் திருப்பிப் படுக்க வைப்பார்கள், பணத்துக்கு என்ன வழி, கணவன் எவ்வளவு களைத்துப் போயிருக்கிறான், அவனைப் பிடித்து வைக்க முடியாதோ என்ற பயம், எல்லாம் இருக்கும். கணவனும் உத்தமன் இல்லை. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெட்டிக்குள் கிடந்து வந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இதை எழுதியிருக்க முடியாது. 1970இல், மர்மக் கதைகளுக்கான அமெரிக்காவின் எட்கர் விருது கிடைத்தது இந்த நாவலுக்கு. மேரிக்கும் சேர்த்துத்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

காலை 11:50
முரளி அண்ணா: அத்தை, இது எனக்குத் தெரியவே தெரியாது.

காலை 11:58
பெரியப்பா: எனக்கும் இப்போதுதான் தெரிகிறது. நான் அதை வில்லனுக்காகப் படித்திருக்கிறேன். மறுபடி படிக்க வேண்டும்.

மேரி 2000இல் இறந்தார். அந்த வருடம் வந்த 'ஷேட்டர்ட்' நாவலோடு இவர் பேனாவை வைத்துவிட்டார். ஆறு வருடம் ஒன்றும் வரவில்லை. ஜனவரி பிறந்தால் எழுத உட்கார்ந்த மனிதர்.

பகல் 12:03
அத்தை: நான் சொன்னதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும் அண்ணா.

பகல் 12:09
அப்பா: அப்புறம் மகன் சேர்ந்து எழுதினார் இல்லையா?

பகல் 12:15
பெரியப்பா: ஆமாம், இளையவர் பீலிக்ஸ். இயற்பியல் ஆசிரியராக இருந்தவர். 'ட்வைஸ் ஷை' நாவலில் வரும் இயற்பியல் வாத்தியாருக்கு அவர்தான் மாதிரி. 2006இல் 'அண்டர் ஆர்டர்ஸ்' வந்தது. பிறகு நான்கு நாவல்களில் அட்டையில் அப்பா, மகன் இரண்டு பெயரும் இருந்தன. 2010 பிப்ரவரியில் டிக் பிரான்சிஸ் இறந்தார், 89 வயது. பீலிக்ஸ் அதன் பிறகும் தொடர்ந்து எழுதினார்.

பகல் 12:17
யாழினி: மகன் பெயரை அட்டையில் போட்டார்கள்...

பகல் 12:18
அத்தை: அதேதான் யாழினி.

பகல் 12:30
யாழினி: பெரியப்பா, எனக்கு வேண்டும். 27ம் வேண்டும். எதில் ஆரம்பிக்கட்டும்?

பகல் 12:41
பெரியப்பா: 'ஆட்ஸ் அகெய்ன்ஸ்ட்'. 1965. சிட் ஹாலி என்ற முன்னாள் சாம்பியன் ஜாக்கி. விபத்தில் இடது கை பாழாகி, துப்பறியும் வேலைக்கு வந்தவன். ஒரே கதாநாயகனை அபூர்வமாகவே மறுபடி கொண்டுவரும் எழுத்தாளர், இவனை விட முடியாமல் நான்கு நாவல்களில் எழுதினார். அதை முடித்துவிட்டு 'விப் ஹேண்ட்' படி. 1979. நல்ல கையையும் சுட்டுவிடுவேன் என்று ஒருவன் மிரட்டுவான். சிட் ஹாலி பயந்து பாரிசுக்கு ஓடிவிடுவான். திரில்லர் கதாநாயகன் பயந்து ஓடி, அந்த அவமானத்தோடு அறைக்குள் உட்கார்ந்திருப்பதை நான் வேறு எங்கும் அப்படிப் படித்ததில்லை. என்னைக் கேட்டால் அவருடைய மிகச் சிறந்த நாவல் அதுதான்.

பகல் 12:44
முரளி அண்ணா: சாயங்காலம் அந்தப் பக்கம்தான் வருகிறேன். பெட்டியைக் கொண்டுவந்து தருகிறேன் யாழினி. வேப்பிலை போட்டு வை.

பகல் 12:45
அத்தை: 26 மட்டும் கொடு முரளி. 'ஃபோர்ஃபிட்' முதலில் அண்ணா படிக்கட்டும். அப்புறம் என்னிடம் வரட்டும்.

பகல் 12:46
பெரியப்பா: சரிம்மா. எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன்.

இரவு 10:52
யாழினி: பெரியப்பா, ஆரம்பித்த உடனேயே சிட் ஹாலியைச் சுட்டுவிட்டார்கள்.

இரவு 10:53
பெரியப்பா: ஆமாம். இனி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். படி.