நேபாளத்தின் வறுமைக்கு மலை காரணமா, ஆட்சி காரணமா?

செழியன்:
நேபாளம் ஏன் இன்னும் ஆசியாவின் வறிய நாடுகளுள் ஒன்றாக இருக்கிறது என்று கேட்டால், ஊழல், நிலையற்ற ஆட்சி என்று உடனே பதில் வருகிறது. என் கருத்தில் முதற்காரணம் நிலஅமைப்பே. வடக்கே இமயம், மற்ற மூன்று புறமும் இந்தியா. கப்பலில் வரும் சரக்கு கொல்கத்தாவில் இறங்கி, ஏறத்தாழ 700 கிலோமீட்டர் இந்திய மண்ணைக் கடந்த பிறகே நேபாள எல்லை நகரான பீர்கஞ்சை அடைகிறது. 2015 ஏப்ரலில் நிலநடுக்கம் ஏறத்தாழ 9,000 பேரைப் பலிகொண்டது. அந்தக் காயம் ஆறுமுன்பே, செப்டம்பரில் புதிய அரசியல் சட்டத்தை எதிர்த்து தெற்கே இந்திய எல்லையோரத் தெராய் சமவெளியில் அங்கு வாழும் மாதேசி மக்கள் போராட, எல்லையில் சரக்குப் போக்குவரத்து முடங்கியது. இந்தியாவே தடை விதித்தது என்று காத்மாண்டு குற்றஞ்சாட்டியது, டெல்லி மறுத்தது. எது உண்மையாக இருந்தாலும், எரிவாயு உருளை கிடைக்காத குடும்பங்கள் மாதக்கணக்கில் விறகு மூட்டிச் சமைத்தன. கடற்கரை உள்ள நாடாக இருந்திருந்தால் வேறொரு துறைமுகத்துக்குக் கப்பலை வரவழைத்திருக்கும்.

மேகலை:
செழியன் ஐயா, 2015-இல் நடந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய நூறாண்டுகளை விட்டுவிட்டு நேபாளத்தின் வறுமையைப் பேச முடியாது. 1846 முதல் 1951 வரை ராணா குடும்பத்தார் பரம்பரைப் பிரதமர்களாக ஆண்டார்கள். அவர்களுக்கு மலை ஓர் இடையூறாக இருக்கவில்லை. மக்களையும் வெளியுலகையும் பிரித்து வைக்கும் மதிலாகப் பயன்பட்டது. காத்மாண்டுவுக்கு வண்டிச்சாலை கிடையாது, ஆனால் ராணாக்களின் அரண்மனைகளில் கார்கள் ஓடின. அந்தக் கார்களை மூங்கில் கழிகளில் கட்டி, சுமைதூக்கிகள் கூட்டமாகத் தோள்கொடுத்து, கணவாய்களின் செங்குத்தான பாதைகளில் ஏற்றி இறக்கினார்கள். ஆட்சி மாறிய சில ஆண்டுகளிலேயே, 1950-களில், இந்திய உதவியோடு போடப்பட்ட திரிபுவன் ராஜபாதை என்னும் நெடுஞ்சாலை அதே மலைகளைக் கடந்துவிட்டது.

பூட்டானையும் பாருங்கள். அதே இமயம், அங்கும் கடல் இல்லை. 1980-களிலேயே சுக்கா நீர்மின் நிலையத்தை (336 மெகாவாட்) அமைத்து இந்தியாவுக்கு மின்சாரம் விற்கத் தொடங்கிவிட்டது.

செழியன்:
பூட்டானின் மக்கள்தொகை எட்டு லட்சத்துக்கும் குறைவு. நேபாளத்தில் ஏறத்தாழ மூன்று கோடிப் பேர். மின்சாரம் விற்ற பணத்தைப் பங்கிட்டால் தலைக்கு எவ்வளவு வரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மேலும், நேபாள ஆறுகளிலிருந்து 83,000 மெகாவாட் எடுக்கலாம் என்று காலங்காலமாகச் சொல்லப்படுவது காகிதக் கணக்கு. ஆண்டு மழையில் பெரும்பகுதி நான்கே மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. நீரைத் தேக்காமல் ஓடும் ஆற்றிலேயே இயங்கும் நிலையங்கள் பனிக்காலத்தில் தம் திறனில் ஒரு சிறு பகுதியையே தருகின்றன. பெரிய அணை கட்டலாம் என்றால், இளம் மலை என்பதால் வண்டல் வந்து குவிகிறது, நிலநடுக்க அச்சமும் நீங்குவதில்லை. காத்மாண்டுவுக்குக் குடிநீர் கொண்டுவர மெலம்சி திட்டத்துக்காகப் பல்லாண்டுகள் உழைத்தார்கள். 2021-இல் நீர் வந்து சேர்ந்த சில மாதங்களிலேயே வெள்ளமும் சேறும் ஆற்றிலிருந்து நீரைத் திருப்பும் அதன் தலைப்பணிகளை மூடிவிட்டன. இதில் எந்த அமைச்சரைக் குற்றம் சொல்வது?

தாரிணி:
இருவரும் சாலையையும் மின்சாரத்தையும் பேசுகிறீர்கள். நிலம் மக்களை எப்படி ஆக்கியது என்பதற்குத் தெராயின் பழங்குடிகளான தாரு மக்களைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. தெராயின் அடர்காடுகளில் மலேரியா கடுமையாக இருந்ததால், மலைவாசிகள் மழைக்காலத்தில் அங்கே தங்கவே அஞ்சினார்கள். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தாருக்களுக்கு அந்நோயைத் தாங்கும் உடல்வலிமை மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. அதனால் நாட்டின் வளமான மண் பெரும்பாலும் அவர்கள் கையில் இருந்தது. 1950-களில் தொடங்கி, அமெரிக்க உதவியோடு டிடிடி என்னும் பூச்சிக்கொல்லியைத் தெளித்துக் கொசுவை ஒழித்தார்கள். நோய் நீங்கியது நன்மைதான், அதில் ஐயமில்லை. ஆனால் அதன்பின் மலையிலிருந்து இறங்கியவர்கள் எழுத்தறிவோடும் அதிகாரிகளின் துணையோடும் வந்து நிலத்தைத் தம் பெயரில் பதிந்துகொண்டார்கள். பத்திரம் என்ற ஒன்றே தேவைப்படாமல் உழுதுவந்த தாருக்கள், பர்தியா, கைலாலி போன்ற மேற்கு மாவட்டங்களில் தம் சொந்த வயலிலேயே கமையா என்னும் கொத்தடிமைகளானார்கள். தந்தை பட்ட கடன் மகன் தலையில் விழுந்தது. 2000 ஜூலையில் அரசு அம்முறையை ஒழித்தபோது, பல நிலவுடைமையாளர்கள் அவர்களைக் குடிசையிலிருந்தே விரட்டினார்கள். விடுதலை பெற்ற குடும்பங்கள் சாலையோரங்களிலும் காட்டோரங்களிலும் கூரைத்துணி கட்டிக் கிடந்தன. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

மேகலை:
தாரிணி, நீங்கள் சொன்னது என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. கொசு போனதும் நிலம் யாருக்கு என்பதை முடிவு செய்தது பதிவு அலுவலகம்தானே? மின்வெட்டிலும் இதுவே நடந்தது. பனிக்காலங்களில் நாளொன்றுக்குப் பதினாறு மணிநேரம்கூட இருளில் கிடந்த காத்மாண்டுவில், 2016 செப்டம்பரில் மின்வாரியத் தலைமை மாறியதும் சில மாதங்களில் மின்வெட்டு நின்றது. சில ஆலைகளுக்குத் தடையின்றிப் போய்க்கொண்டிருந்த மின்சாரத்தை வீடுகளுக்குத் திருப்பினார்கள். அதற்காக ஆறுகளில் நீர் கூடிவிடவில்லை.

செழியன்:
அந்த ஆண்டுதான் பீகாரின் முசாபர்பூரிலிருந்து நேபாளத்தின் தல்கேபருக்கு உயரழுத்த மின்தடமும் வந்தது. இந்திய மின்சாரம் இல்லாமல் அந்த மாற்றம் நிலைத்திருக்காது. தாருக்களுக்கு நேர்ந்தது அநீதி, அதை நிலஅமைப்பின் கணக்கில் எழுத நான் துணியமாட்டேன். ஆனால் 2016 மார்ச்சில் சீனாவோடு போக்குவரத்து ஒப்பந்தம் செய்தார்களே, அரசியல் துணிவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? சீனத் துறைமுகமான தியான்ஜின் 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. நிலநடுக்கத்தில் சிதைந்த, சீனாவுக்குச் செல்லும் தாதோபானி எல்லைச்சாலை சரிவர இயங்கவே ஆண்டுகள் ஆயின. சரக்கு இன்றும் பெரும்பாலும் கொல்கத்தா வழியாகவே வருகிறது.

மேகலை:
உண்மைதான். ஆனால் தெற்கு வழியே சார்ந்திருப்பதிலும் பேசிப் பெறக்கூடியது உண்டு. 2019-இல் பீகாரின் மோதிஹாரியிலிருந்து நேபாளத்தின் அம்லேக்கஞ்சுக்கு 69 கிலோமீட்டர் எண்ணெய்க் குழாய் திறக்கப்பட்டதும், லாரிகளில் வந்த டீசல் நேராகக் கிடங்கில் வந்து இறங்குகிறது. மலைக்குத் தெற்கே தட்டையான நிலத்தில் போடவேண்டிய அந்தக் குழாய்க்கு 2019 வரை காத்திருக்க வைத்தது எந்த மலை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.