ரீபவுண்டு 8 கிளிக் வெச்சா போதுமாமே!

காட்பாடி கிளட்ச்:
நேத்து ராத்திரி வாட்ஸப்ல ஒரு ஆடியோ சுத்துது. சென்னை பக்கத்துல இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு வண்டி எடுத்துக்கினு போறவங்களுக்கு ஒருத்தர் அருள்வாக்கு சொல்றாரு: "ரீபவுண்டை 8 கிளிக்ல வெச்சிட்டு மறந்துடு, கார் தரையைக் கவ்விக்கும்." ரீபவுண்டுன்னா, அமுங்குன ஷாக் அப்சார்பர் திரும்ப நீள்ற வேகத்தைக் கட்டுப்படுத்தறது; நாபைத் திருப்பனா கிளிக் கிளிக்னு இறுகும், இல்ல லூஸாவும். கேட்டதும் பத்திக்கினு வந்துச்சு. இன்னா கார், இன்னா ஸ்பிரிங், எவ்ளோ வெயிட்டு, ஒண்ணும் கிடையாது. எங்க காலேஜ் ஃபார்முலா கார்ல 8 வெச்சிப் பாத்தோம். குண்டும் குழியுமா இருந்த ரோட்டுல நாலு மேடு தாண்டறதுக்குள்ள கார் உக்காந்துடுச்சி. ரீபவுண்டு அவ்ளோ இறுக்கமா இருந்தா சக்கரம் கீழ இறங்கறதுக்குள்ள அடுத்த மேடு வந்துடும். மேட்டுக்கு மேடு வண்டி தாழ்ந்துக்கினே போய், கடைசில ஸ்பிரிங் மேல ஓடாது, ஷாக் அடி தட்டாம இருக்க வெக்கற பம்ப் ரப்பர் மேலதான் ஓடும். 8ன்றது ஓவர் டைட்டு.

பழைய கோனி:
அந்த ஆடியோ என்னுதுதான் தம்பி. ஒளிஞ்சிக்க ஒண்ணும் இல்ல. 8ல கார் உக்காந்துச்சா? 8ல தொட்டில் மாதிரி ஆடும்னு சொல்லு, ஒத்துக்கறேன். வேலூர் காகிதப்பட்டறைல முப்பது வருஷமா ஷாக் பிரிச்சி ஆயில் மாத்திக்கினு கீறேன். 8 டைட்டாம்! சிரிக்கறதா அழுவறதா?

ராணிப்பேட்டை ரேடியேட்டர்:
அண்ணா, என் ஆல்டோக்கு எத்தினி கிளிக் வெக்கணும்?

பழைய கோனி:
ஆல்டோல கிளிக்குன்னு சத்தம் வந்தா அது கதவு லாக்குபா.

காட்பாடி கிளட்ச்:
கிண்டல் பண்ணா ஆச்சா? ஷாக்குக்குள்ள போய் வர்ற ராடுல ஜிப் டை கட்டிவிட்டு ஓட்டனோம். எவ்ளோ உள்ள போச்சுன்னு அதே காட்டும். நேரா பம்ப் ரப்பர்கிட்ட போய் நின்னுது. 8 டைட்டுதான்.

பழைய கோனி:
வயர் கட்டற பிளாஸ்டிக்கை வெச்சி எனக்குப் பாடமா? சோழவரத்துல ஏரோபிளேன் இறங்கற பட்டைல கார் ஓடுன காலத்துல கிளிக்கே கிடையாது. கோனி கம்பெனி ஷாக்கை வண்டிலேருந்து கழட்டி, வைஸ்ல புடிச்சி, ராடை முழுசா உள்ள அமுக்கித் திருப்பணும். லூஸ் முனைலேருந்து அரை சுத்து, ஒரு சுத்துன்னு கை எண்ணும். அதுவும் ரீபவுண்டு மட்டும்தான் மாறும், பம்ப், அதாவது ஷாக் அமுங்கற பக்கம், கம்பெனி வெச்சது வெச்சதுதான். அதுலயே ஓட்டனாங்க, ஜெயிச்சாங்க. 8 டைட்டாம்!

ஆற்காடு ஆக்சில்:
இருங்காட்டுக்கோட்டை டிராக்கு திறந்ததே 1990ல. அதுக்கு முன்ன சோழவரத்துல நீங்க இன்னா பண்ணீங்கண்ணா, கடலை வித்தீங்களா?

பழைய கோனி:
1988ல எனக்கு 15 வயசு. எங்க மேஸ்திரிக்கு ஸ்பேனர் எடுத்துக் குடுத்துக்கினு இருந்தேன். நீ அப்போ பொறக்கவே இல்ல.

ஆற்காடு ஆக்சில்:
ஸ்பேனர்னு நீங்களே ஆரம்பிச்சிட்டீங்க. ஆயுத பூஜைக்கு முன்ன ஷாக் மேல ஸ்பிரிங் உக்கார்ற கப்பைத் திருப்பணும்னு என்கிட்ட சி ஸ்பேனர் வாங்கனீங்களே, அது எங்க?

பழைய கோனி:
ஷாக் பத்திப் பேசறப்ப ஷாக் பத்திப் பேசு.

வாலாஜா வால்வு:
ஒரு நிமிஷம். ரெண்டு பேரும் 8 எங்கேருந்து எண்றீங்க? அண்ணன் லூஸ் முனைலேருந்து. இப்போ வர்ற ஷாக்ல நாபை முழுசா மூடிட்டு, அங்கேருந்து திறந்துக்கினே எண்ணுவாங்க. உள்ள ஆயில் வழியை அடைக்கற ஊசி சீட்டுல போய் உக்கார்ற இடம் ஒண்ணுதான் நிச்சயம். லூஸ் பக்கம் ஷாக்குக்கு ஷாக் ரெண்டு கிளிக் முன்னபின்ன இருக்கும். மொத்தம் 24 கிளிக்குன்னா அண்ணனோட 8 தம்பிக்கு 16.

காட்பாடி கிளட்ச்:
எங்கேருந்து எண்ணா இன்னாண்ணா, ஜிப் டை பொய் சொல்லுமா? 8 டைட்டு. இதுல லோ ஸ்பீடு, ஹை ஸ்பீடுன்னு தனித்தனி நாப் வேற கீது. அதைப் பத்தி ஆடியோல மூச்சே இல்ல.

பழைய கோனி:
நேர் ரோட்டுல 160ல பறக்கறவனுக்கு லோ ஸ்பீடு நாப் எதுக்கு நைனா? காட்பாடி பாலத்து டிராபிக்ல ஓட்டவா?

காட்பாடி கிளட்ச்:
கார் வேகம் இல்லண்ணா அது! ராடு உள்ள போய் வர்ற வேகம். 160ல நீளமான வளைவுல கார் மெதுவா சாயுது பாருங்க, அது லோ ஸ்பீடு. 60ல போய் டிராக் ஓரத்துக் கெர்ப் மேல ஏறுனா ராடு வெடுக்குன்னு உள்ள போகுது, அது ஹை ஸ்பீடு. 30 வருஷம்ன்றீங்க, இது தெரியாதா?

பழைய கோனி:
தெரியாம இல்ல. நான் கேட்டது வேற. புத்தகத்துல வேகம்னு எழுதியிருப்பான், பட்டறைல நாங்க கைல அமுக்கிப் பாத்தே சொல்லிடுவோம். சித்திரை வெயில்ல பத்து ரவுண்டு ஓட்டிட்டு வந்து ஷாக் பாடியைத் தொட்டுப் பாரு, கை பொத்துப்போவும். உள்ள ஆயில் தண்ணியாட்டம் ஆயிடும். காலைல வெச்ச கிளிக்கு மத்தியானம் செல்லாது. இதெல்லாம் உன் காலேஜ்ல சொல்லித்தர்றானா?

காட்பாடி கிளட்ச்:
காலைல வெச்சது மத்தியானம் செல்லாதுன்னா, "8 வெச்சிட்டு மறந்துடு"ன்னு எப்படிச் சொன்னீங்க?

பழைய கோனி:
மறந்துடுன்னா மறந்துடறதா? ஒரு பேச்சுக்குச் சொன்னது. தமிழ் புரியாதவன்கிட்ட ரீபவுண்டு பேசறேன் பாரு, என்னைச் சொல்லணும்.

ராணிப்பேட்டை ரேடியேட்டர்:
நான் நெசமாத்தான் கேட்டேன்ணா. ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி எறங்குனா ஆல்டோ மூணு தடவ குதிக்குது.

வாலாஜா வால்வு:
ஷாக் போச்சுபா, ஜோடியா மாத்து. அதுல திருப்பறதுக்கு எதுவும் இல்ல. அண்ணா, நான் கேட்டதுக்கு யாருமே பதில் சொல்லல. மூடுன பக்கத்துலேருந்தா, திறந்த பக்கத்துலேருந்தா?

பழைய கோனி:
நடுவுல பூந்து கணக்குப் பாடம் எடுக்காதபா. 8ன்னா 8. எங்க மேஸ்திரி 8ல வெச்சாரு, நானும் 8ல வெக்கறேன்.

ஆற்காடு ஆக்சில்:
உங்க மேஸ்திரி காலத்துல கிளிக்கே கிடையாதுன்னு இப்பதானே மேல சொன்னீங்க.

பழைய கோனி:
உனக்கு ஸ்பேனர் கோவம், அதான் நோண்டற. தம்பி காட்பாடி, ஞாயித்துக்கிழமை காரை டிரெய்லர்ல ஏத்திக்கினு பட்டறைக்கு வா. உன் கண்ணெதிர்ல 8 வெச்சி ஓட்டிக் காட்டறேன். உக்காந்துச்சின்னா மீசையை எடுத்துடறேன்.

காட்பாடி கிளட்ச்:
வரேன். ஜிப் டையும் எடுத்துக்கினு வரேன். 8 டைட்டுதான்.

ஆற்காடு ஆக்சில்:
நானும் வரேன். மீசை யாருக்கு வேணும், என் சி ஸ்பேனரை எடுத்து வெளிய வைங்க.

பழைய கோனி:
எந்த சி ஸ்பேனர்?